தலை மாறும், குதிரை மாறாது: செப்புத்தகட்டு உருவப்படங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், செப்புத்தகட்டில் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சிட்ட பழைய ஐரோப்பியப் படங்களில் இருப்பவர் பெரிய மனிதரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முகத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். பியர் லொம்பார் 17-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய குதிரைவீரர் படம் ஒன்று உண்டு. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸை வான் டைக் தீட்டிய ஓவியத்தை ஒட்டியது. அந்தத் தகட்டில் தலையை மட்டும் சுரண்டிச் சுரண்டி மாற்றியிருக்கிறார்கள். ஒரு அச்சில் மன்னரை எதிர்த்துப் போரிட்ட கிராம்வெல், இன்னொன்றில் அவர் தரப்பு தலையை வெட்டிய அதே சார்லஸ்! நடுவில் தலையே இல்லாத அச்சும் உண்டு. குதிரையும் கவசமும் அப்படியே. அந்தஸ்து அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: படத்தில் வரும் எழுத்தையெல்லாம் தகட்டில் இடவலம் மாற்றியா வெட்டுவார்கள்?

பதில்: ஆமாம். அச்சில் நேராகிவிடும்.

கேள்வி: ஓவியமே இருக்கும்போது அச்சு எதற்கு?

பதில்: ஓவியம் ஒரே சுவரில் தொங்கும், அச்சு ஊர் ஊராகப் போகும். மைன்ஸ் நகரத்துக் கார்டினல் ஆல்பிரெக்டை 1519-ல் ஜெர்மன் ஓவியர் ட்யூரர் செதுக்கினார். தகட்டோடு 200 பிரதிகள் அனுப்பினார். பதிலுக்கு 200 தங்க நாணயமும் மேலங்கிக்கு 20 முழம் பட்டும் வந்தன. படத்தில் குலச்சின்னம், அதோடு கார்டினல், பேராயர், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுள்ளவர் என்று பட்டங்கள். நம் கல்யாணப் பத்திரிகை தோற்றது போங்கள்.

கேள்வி: பட்டம் பதவி இல்லாத அறிஞர் என்றால்?

பதில்: புத்தகம்தான். 1526-ல் ட்யூரர் செதுக்கிய எராஸ்மஸ் நின்றபடி எழுதுகிறார், முன்னால் தடிமனான நூல்கள். பின்னால் பலகையில் கிரேக்க வரி: இதைவிட நல்ல உருவத்தை அவருடைய எழுத்துகளே காட்டும். அப்புறம், ஜாடை சரியில்லை என்று எராஸ்மஸே குறைப்பட்டார்.

கேள்வி: அமெரிக்கப் பழங்குடிப் பெண் போகஹாண்டஸுக்கு அவர் படத்தில் ஏன் ஆங்கிலேயச் சீமாட்டி வேஷம்?

பதில்: 1616-ல் லண்டனில் சைமன் வான் டெ பாசே செதுக்கியது. அவரை அங்கே கூட்டிவந்தது, அமெரிக்காவில் ஆங்கிலேயரைக் குடியேற்றிய வர்ஜீனியா கம்பெனி. குடியேற்றத்துக்குப் பணமும் ஆதரவும் வேண்டியிருந்தது. உயரத் தொப்பி, லேஸ் கழுத்துப்பட்டி, கையில் தீக்கோழி இறகு விசிறி. படத்தைச் சுற்றியுள்ள லத்தீன் எழுத்தோ மடோவகா என்ற சொந்தப் பெயரையும் ரெபெக்கா என்ற ஞானஸ்நானப் பெயரையும் சேர்த்தே சொல்கிறது. தந்தை பவ்ஹாத்தானைப் பேரரசர் என்கிறது. கீழே ஆங்கிலத்தில், மதம் மாறியவர், ஜான் ரால்ஃபின் மனைவி. உடை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். சில புத்தகங்களில் முகத்தைப் பெரிதாக்க எழுத்தை வெட்டிவிடுகிறார்கள். வெட்டாத பிரதியாகப் பாருங்கள்.