இருட்டில் வைத்த பயறும் முளைத்துவிட்டதா? நல்லது

டீச்சர், 'வெளிச்சம் இல்லாவிட்டால் முளைக்காது' என்று தரம் 5 பிள்ளைகள் எழுதிவைக்க, அலுமாரிக்குள் இருந்த பயறும் முளைத்துவிட்டது என்கிறீர்கள். பரிசோதனை பிழைக்கவில்லை, கருதுகோள்தான் பிழைத்தது. கொப்பியில் எழுதியதை அழிக்க விடாதீர்கள். அதற்குக் கீழே, தாங்கள் கண்டதை எழுதட்டும்.

பயறு முளைக்கத் தண்ணீரும் காற்றும் அளவான சூடும் போதும். சாப்பாடு வித்திலைக்குள்ளேயே, அதாவது பயற்றின் இரண்டு பருப்புப் பாதிகளுக்குள்ளேயே, இருக்கிறது. இன்னும் சில நாள் விடுங்கள். இருட்டில் உள்ளது வெளிறி, நெடுநெடுவென்று வளரும், இலை மஞ்சளாக இருக்கும். அதைப் பார்த்ததும் அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

அப்புறம், வெளிச்சத்தில் ஒன்று, இருட்டில் ஒன்று என்று வைக்கும் இரண்டு யோகட் கப்பிலும் ஒரே அளவு பஞ்சு, ஒரே அளவு தண்ணீர், கப்புக்குப் பத்துப் பயறு. வெளிச்சம் மட்டும்தான் மாறவேண்டும். கொழும்பு ஈரப்பதத்துக்குப் பஞ்சை ஊறவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், தெளித்தால் போதும்.