படம் மொக்கையா, டிவி மொக்கையா? – ஆபரேட்டர் பதில்கள்

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் 31 வருஷம் ஆபரேட்டராக இருந்தேன். தியேட்டர் இப்போது இல்லை, அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்கு மட்டும் நான் இன்னும் ஆபரேட்டர்தான். வீட்டில் படம் பார்த்துவிட்டு வழியில் மடக்கி ஆளுக்கொரு சந்தேகம் கேட்கிறார்கள். நின்று பதில் சொல்ல முட்டி ஒத்துழைக்கவில்லை, சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன். வந்த சீட்டுகளில் ஒன்று கைமாற்றுக் கேட்டு வந்தது. அதைத் தவிர மற்றவற்றுக்கு இங்கே பதில்.

தியேட்டரில் என் ஃபிரெண்ட்ஸ் கொண்டாடிய படத்தை நேற்று வீட்டில் பார்த்தேன் அண்ணா. செம மொக்கை. அவர்கள் பொய் சொல்கிறார்களா?
– கொருக்குப்பேட்டை, கல்லூரி மாணவர்

எதில் பார்த்தாய் என்று எழுதவில்லையே தம்பி. உன்னை எனக்குத் தெரியும். போனில் பார்த்திருப்பாய், நடுவில் நாலு மெசேஜுக்குப் பதில் போட்டிருப்பாய்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ 1979இல் வந்தது. சில வருஷம் கழித்து எங்கள் தியேட்டரில் காலைக் காட்சியாக ஒரு வாரம் நான் ஓட்டினேன். ஆபரேட்டர் படம் பார்ப்பது எப்படி என்று தெரியுமா? 2,000 அடி ரீல் ஒன்று ஓடி முடிய 22 நிமிஷம். அதற்குள் ஓடி முடிந்த ரீலைச் சுற்றி வைக்க வேண்டும், அடுத்ததை இரண்டாவது மிஷினில் ஏற்ற வேண்டும், எரிந்து தேயும் கார்பன் குச்சியைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு வரும். முதல் பொட்டுக்கு மோட்டாரைப் போடணும், இரண்டாவது பொட்டுக்கு மாற்றணும். கண் எப்போதும் அந்த மூலையில்தான் இருக்கும். காதில் விழுவதெல்லாம் மிஷின் சத்தம்.

அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு யார் கேட்டாலும் “இழுவைப் படம், ஒருத்தரும் பேசவே மாட்டேங்கிறாங்க” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இருபது வருஷம் அதே கருத்துதான். அப்புறம் ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் டிவியைப் போட்டால் அதே படம். வீடு அடங்கிக் கிடந்தது. யாரும் பேசாத இடங்களில்தான் படமே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் ஊர்க்காரர்கள் படத்தின் வில்லனை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகும்போது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரத்துக்கு ஏழு தடவை அந்தக் காட்சியை ஓட்டியவன் நான்!

நண்பர்கள் பொய் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது வேறு, நீ பார்த்தது வேறு. இன்னொரு தடவை டிவியில் பார். அப்பவும் மொக்கையாக இருந்தால் மொக்கைதான், தைரியமாகச் சொல்.

வசனம் ஒன்றும் கேட்பதில்லை. சவுண்டைக் கூட்டினால் அடுத்த நிமிஷம் சண்டை வந்து வீடே அதிருகிறது. ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே படம் பார்க்க வேண்டியிருக்கு. பேஜாரா இருக்கு அண்ணே.
– காசிமேடு, மீன் வியாபாரம் செய்யும் அக்கா

இந்தக் கேள்வி மட்டும் மூன்று சீட்டில் வந்தது. டிவியைத் திட்டாதீர்கள், டைரக்டரையும் திட்டாதீர்கள்.

தியேட்டர் திரையைக் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தால் அதில் சல்லடை மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள் இருக்கும். திரைக்குப் பின்னால் நடுவில் ஒரு ஸ்பீக்கர் நிற்கிறது. வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். பாட்டும் இசையும் இடது, வலது ஸ்பீக்கர்களில் வரும். பின்னால் சுவரில் இருப்பவை தனி, இடி மாதிரி இறங்கும் சத்தத்துக்கு ஒரு பெட்டி தனி. இதைத்தான் 5.1 என்கிறார்கள். உங்கள் வீட்டு டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர், அதுவும் கட்டை விரல் அகலத்தில், தரையைப் பார்த்தபடி. ஆறு வழியில் வந்த சத்தத்தை இரண்டு வழியில் திணித்தால் மெதுவாகப் பேசுகிறவர்தான் முதலில் நசுங்குவார்.

செய்ய வேண்டியது இதுதான். படம் ஓடும்போது ஆடியோ என்ற இடத்துக்குப் போங்கள். தமிழ் என்று இரண்டு இருந்து ஒன்றில் 5.1 என்று போட்டிருந்தால் மற்றதை எடுங்கள். டிவியின் சவுண்ட் செட்டிங்கில் ‘க்ளியர் வாய்ஸ்’ என்றோ ‘டயலாக்’ என்றோ ஏதாவது இருக்கும், அதை ஆன் பண்ணுங்கள். ‘நைட் மோட்’ இருந்தால் இன்னும் நல்லது, பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தைத் தூக்கும். அப்புறம், போன மாசம் உங்கள் வீட்டுக்கு வந்தபோது பார்த்தேன். டிவி ஷெல்ஃபுக்குள் ஒரு முழம் உள்ளே தள்ளி இருக்கிறது, முன்னால் கொலு மாதிரி பொம்மை. டிவியை விளிம்புக்கு இழுத்து வையுங்கள். பொம்மைகளுக்கு வேறு இடம் பாருங்கள்.

படத்துக்கு மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வருகிறது. “காசு கொடுத்து 43 இன்ச் வாங்கியிருக்கேன், முழுசாத் தெரியணும்” என்று வீட்டுக்காரர் ஜூம் போடுகிறார். சரியா?
– புது வண்ணாரப்பேட்டை, குடும்பத் தலைவி

தப்பு. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அந்த அகலத் திரை வடிவத்தில்தான் இன்றைக்கும் நம் படங்களில் நிறைய எடுக்கிறார்கள். உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 2.39 பங்கு. டிவியின் அகலம் 1.78 பங்குதான். அகலம் முழுக்கத் தெரிய வேண்டுமானால் மேலும் கீழும் இடம் மிஞ்சும். உங்கள் 43 இன்ச்சில் பக்கத்துக்கு ஏழு சென்டிமீட்டர் வரும்.

ஜூம் போட்டால் பட்டை போய்விடும், கூடவே இரண்டு ஓரத்திலுமாகச் சேர்த்துப் படத்தில் நாலில் ஒரு பங்கும் போய்விடும். ஓரத்தில் நிற்பவர் பேசுவார், ஆள் தெரியாது. வீட்டுக்காரரிடம் கணக்கை இப்படிச் சொல்லுங்கள்: நாலு இட்லிக்குக் காசு கொடுத்துவிட்டு மூன்றைச் சாப்பிடுகிறார்.

புது டிவி வாங்கினோம். எந்தப் படத்தைப் போட்டாலும் சீரியல் மாதிரியே இருக்கிறது. பழைய டிவியே தேவலை போலிருக்கு.
– பெரம்பூர், ரயில்வே ஊழியர்

சினிமா வினாடிக்கு 24 படம். எங்கள் மிஷினில் ஒவ்வொரு படத்தையும் ஷட்டர் இரண்டு தடவை வெட்டிக் காட்டும், அதனால் கண் கூசாது. ஆனாலும் படம் என்னவோ 24தான். அந்தக் கணக்கில்தான் சினிமாவுக்கு அந்த ஒரு மாதிரியான அசைவு வருகிறது. உங்கள் புது டிவி ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக, இரண்டு படத்துக்கு நடுவே தானே ஒரு படத்தைக் கற்பனை செய்து சொருகுகிறது. எல்லாம் வழுவழுவென்று நழுவும். கிரிக்கெட்டுக்குச் சரி. சினிமாவுக்கு, ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது போல ஆகிவிடும்.

பிக்சர் செட்டிங்கில் ‘மோஷன்’ என்று தொடங்குவதை எல்லாம் ஆஃப் பண்ணுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டுவிட்டு ரிமோட்டை ஒளித்து வையுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், பழகிவிடும். ‘விவிட்’ என்பது கடையில் டியூப் லைட் வெளிச்சத்துக்கு நடுவே ஆளை இழுப்பதற்கு.

நம்ம ஏரியாவைக் காட்டிய படங்களை எல்லாம் லீவில் வரிசையாகப் போட்டுப் பார்த்தோம் ஐயா. ‘மெட்ராஸ்’, ‘வட சென்னை’, ‘சார்பட்டா பரம்பரை’. எங்களுக்குள் ஒரே சண்டை. எது சரியாக நம்மைக் காட்டியது?
– திருவொற்றியூர், ஒரு குடும்பம்

இதற்கு நானும் சண்டைக்குத் தயார்.

என் ஓட்டு ‘மெட்ராஸ்’ படத்துக்கு, 2014இல் ரஞ்சித் எடுத்தது. காரணம் சின்னது. அதில் காளி ஐடி வேலைக்குப் போகிறான், ஃபுட்பால் ஆடுகிறான். வியாசர்பாடியில் வந்து பாருங்கள், சாயங்காலம் எத்தனை பிள்ளைகள் பந்தோடு போகிறார்கள் என்று. அதற்கு முன்னால் சினிமாவில் நம் ஆள் என்றாலே லுங்கி, அரிவாள், “இன்னா நைனா” தானே. ஹவுசிங் போர்டு படிக்கட்டும், பால்கனியில் காயும் துணியும், தண்ணிக் குடமும் அந்தப் படத்தில் அலங்காரத்துக்கு வரவில்லை, மனிதர்கள் அதற்குள்ளேயே வாழ்கிறார்கள். கட்சிக்காரர்கள் அடித்துக்கொள்ளும் ஒரு சுவருக்காக இவ்வளவு சாவா என்று என் மருமகன் கேட்டான். அவன் வளர்ந்தது கோயம்புத்தூர்.

‘வட சென்னை’ (2018) மூன்றிலும் கெட்டிக்காரப் படம். ஆனால் வீட்டில் பார்க்கக் கஷ்டமான படமும் அதுதான். கதை முன்னே போகும், பின்னே போகும். ராஜனைக் கொன்றுவிட்டுக் கத்தியை மேஜையில் வைத்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருக்கும் முதல் காட்சியில் நீங்கள் டீ போடப் போயிருந்தால் மிச்சப் படம் முழுக்க “இவன் யாரு?” என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ரோடு போடுகிறேன் என்று கடலோரக் குடியிருப்பைக் கிளப்பும் சமாச்சாரத்தைப் பார்த்தபோது, காசிமேட்டில் எனக்குத் தெரிந்த நாலு பேர் கண்முன் வந்தார்கள். ‘ஏ’ சர்டிஃபிகேட் படம், சின்னப் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுப் பாருங்கள்.

குத்துச்சண்டைப் படமான ‘சார்பட்டா’வைத்தான் எல்லோருமே வீட்டில் பார்த்தோம். கொரோனா காலம், 2021 ஜூலையில் நேராக அமேசானில் வந்தது. டான்ஸிங் ரோஸ் சண்டைக்குத் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே நேரத்தில் விசில். தியேட்டருக்கு வராமல் போனதே என்று நான் உண்மையாகவே வருத்தப்பட்ட படம் அது. 1976இல் ஆட்சி கலைந்த செய்தியோடு போலீஸ் மேடைக்கே வந்து ரங்கன் வாத்தியாரைப் பிடிக்கும் இடம் வரைக்கும் மூச்சு விடவில்லை. அதற்கப்புறம் சாராயம், தொப்பை என்று ஹீரோ கபிலன் சரிகிற பாகம் கொஞ்சம் நீளம்தான். பீடி ராயப்பன் கடற்கரையில் பயிற்சி கொடுக்க ஆரம்பித்ததும் மறுபடி நிமிர்ந்துவிடும். பரம்பரை என்பதைச் சாதிப் பெயர் என்று நினைத்தவர்கள் உண்டு. அது குத்துச்சண்டைக் குழுவின் பெயர். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று நிஜமாகவே இங்கே இருந்தவைதான்.

ஒரே ஒரு குறை, மூன்றுக்கும் சேர்த்து. நம் ஏரியாவில் கொலை இல்லாமல் ஒரு கல்யாணம், ஒரு வீடு கட்டுதல், ஒரு சீட்டு கம்பெனி தகராறு கூட நடக்கிறது. அதை யாராவது எடுங்கப்பா.

1.5 ஸ்பீடில் வைத்துப் பார்க்கலாமா?
– மூலக்கடை, அவசரக்காரர்

பாடம் என்றால் வைத்துப் பாருங்கள். ‘கொட்டுக்காளி’யை (2024) அப்படிப் பார்த்ததாக ஒருவர் என்னிடம் சொன்னார். பின்னணி இசையே இல்லாத படம் அது, வண்டிச் சத்தமும் பூச்சிச் சத்தமும்தான் இசை. நல்லவேளை, அவர் எனக்குச் சொந்தக்காரர் இல்லை.

ஆனால் ஒரு ரகசியம். கேபிள் டிவியில் வருஷக்கணக்காக நீங்கள் எல்லாப் படத்தையும் கொஞ்சம் வேகமாகத்தான் பார்த்தீர்கள். சினிமா வினாடிக்கு 24 படம், பழைய டிவி முறை 25. அப்படியே ஓட்டிவிடுவார்கள். 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும், பாட்டின் சுருதியும் ஒரு முடி ஏறியிருக்கும். எண்பதுகளில் டெக் வாடகைக்கு எடுத்து, கலர் டிவியைத் தெருவில் வைத்து, விடிய விடிய மூன்று கேசட் போட்டோமே, அதுவும் இதே கணக்குதான். யாருக்குத் தெரிந்தது!

பத்து வயசுப் பெண்ணோடு உட்கார்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள். பாதியில் ரிமோட்டைத் தேட வைக்காத படமாக.
– தண்டையார்பேட்டை, தையல் வேலை

‘காக்கா முட்டை’ (2015). இரண்டு பையன்கள், ஒரு பீட்ஸா, அவ்வளவுதான். பீட்ஸாவைத் தின்றுவிட்டு ஆயா சுட்ட தோசையே தேவலை என்று சொல்வார்கள், உன் பெண் கண்டிப்பாகச் சிரிக்கும். நீ சிரிப்பாயா என்பது தெரியாது. அது முடிந்தால் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025). கொஞ்சம் சர்க்கரை தூக்கல், ஆனாலும் ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வரும்.

ஒன்று கவனி கண்ணு. ஓடிடியில் வருவதைத் தியேட்டர் படம் மாதிரி சென்சார் போர்டு பார்த்து அனுப்புவதில்லை. அவர்களே வயசு போட்டுக்கொள்கிறார்கள். படம் தொடங்கும்போது மூலையில் 7+, 13+, 16+ என்று ஏதாவது வரும். அது மறைவதற்குள் பார்த்துக்கொள்.

‘மகாராஜா’ பார்க்க உட்கார்ந்தேன். பக்கத்தில் மச்சான். முதல் அரை மணியிலேயே முடிச்சை அவிழ்த்துவிட்டான். என்ன செய்யலாம்?
– ராயபுரம், புது மாப்பிள்ளை

தங்கையைக் கட்டியிருக்கிறீர்கள், ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த தடவை அவர் பார்க்காத படத்தை நீங்கள் முந்திக்கொண்டு பார்த்துவிடுங்கள்.

ஆபரேட்டர் தாத்தா, நீங்கள் கடைசியாக வீட்டில் பார்த்த படம் எது? எப்படி இருக்கு?
– எங்கள் தெரு, ஏழாம் வகுப்பு

‘கடைசி விவசாயி’. இரண்டாவது தடவை. முதல் தடவை பார்த்தபோது உன் ஆயா ஊரில் இருந்தாள், அதனால் அவளுக்காக மறுபடி போட்டேன். நல்லாண்டி பெரியவர் கோர்ட்டில் நிற்கும் இடத்தில் திரும்பிப் பார்க்கிறேன், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். நிறுத்தி வைத்திருக்கிறேன். அவளை விட்டுவிட்டு மிச்சத்தைப் பார்த்தது தெரிந்தால் காலையில் டீ வராது. சனிக்கிழமை ராத்திரி பார்த்து முடித்துவிடுவோம், ஞாயிற்றுக்கிழமை வா, ஆயாவிடமே கேள்.