பியர்டட் டிராகன் என்கிற ஓணான் ஒன்றுதான் வளர்க்கிறேன், துணைக்கு இன்னொன்று வாங்க வேண்டுமா?

வேண்டாம். பதில் அவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப் ஞாபகம் வந்துவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போது அது கண்ணாடித் தொட்டிக்குள்ளிருந்து உங்களையே பார்க்கும், மனசு கேட்காது. வீட்டுக்கு வருகிறவர்கள் வேறு "ஒத்தையா கிடக்குதே, பாவம்" என்பார்கள். என் மாமியார் இன்றுவரை சொல்கிறார். ஆனால் இது ஆஸ்திரேலியாவின் உள்பகுதியில், வறண்ட நிலத்தில் தனியாகத் திரியும் ஓணான். தாய் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போனால் போனதுதான். குஞ்சுகள் பொரிந்த அன்றிலிருந்து அதது பாடு அததற்கு. அதன் கணக்கில் பக்கத்தில் இருக்கும் இன்னொன்று துணை இல்லை, பங்காளி.

நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில். கொழுந்தன் வீடு அதே ஊரில் ஃபீனிக்ஸ் பகுதியில். பிள்ளைகள் கேட்டார்கள் என்று அவர் இரண்டு குஞ்சுகளை வாங்கி ஒரே தொட்டியில் விட்டார். கடைக்காரர் "ரெண்டும் பொண்ணு, சண்டை வராது" என்றாராம். அந்த வயதில் ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்வதே கஷ்டம். சரி, அதை விடுங்கள். கொஞ்ச நாளில் குரூப்பில் ஒரு படம்: விளக்குக்குக் கீழே பெரியது சின்னதன் முதுகில் ஏறிப் படுத்திருக்கிறது. "எவ்வளவு பாசம்" என்று ஆளாளுக்கு இதயம் போட்டார்கள். மேலே இருப்பது சூட்டையும் புற ஊதா ஒளியையும் தான் எடுத்துக்கொள்கிறது, கீழே இருப்பதற்கு மிச்சம் கிடைத்தால் உண்டு என்று நான் எழுதினேன். அப்புறம் ஒரு வீடியோ. சின்னது முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுற்றி ஆட்டுகிறது, "ஹலோ சொல்லுது" என்று. பெரியதைப் பார்த்து "நான் அடங்கிப் போகிறேன்" என்று காட்டும் சைகை அது. அதையும் எழுதினேன். "அண்ணிக்குத் தெரியாததே கிடையாது" என்று பதில் வந்தது. சிரிக்கும் முகம் மூன்று.

பெரியது வளர்ந்துகொண்டே போக, சின்னது அப்படியே நின்றுவிட்டது. கடைசியில் பெரியது அதன் வால் நுனியையும் ஒரு கால்விரலையும் கடித்து எடுத்தது. வீட்டுப் பல்லி மாதிரி இதற்கு வால் திரும்ப முளைக்காது. அன்றைக்குத்தான் "அண்ணி, நீங்களே வச்சுக்குங்க" என்று கொழுந்தன் சின்னதைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஊர்வன பார்க்கும் டாக்டரின் பில் யார் கட்டினது என்று கேட்காதீர்கள். தனித் தொட்டிக்கு வந்ததும் நன்றாகத் தின்ன ஆரம்பித்தது. பள்ளிப் பிள்ளைகள் ஷூ பெட்டியில் முசுக்கொட்டை இலை போட்டு வளர்ப்பார்களே, அந்தப் பட்டுப்புழு என்றால் உயிர். இப்போது ஆள் கொழுகொழுவென்று இருக்கிறது. அந்தப் படத்தை குரூப்பில் போட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் கால்நடை டாக்டர் இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். "யூடியூபில் நாலைந்து ஒன்றாக இருக்கே" என்று யாராவது வருவார்கள். அரை நிமிட வீடியோவில் எந்தச் சண்டையும் தெரியாது. "எங்க மாமரத்துல நீலத்தலை ஓணான் குடும்பமா இருக்கே" என்றும் வருவார்கள். உண்மைதான், இரண்டும் ஒரே குடும்பத்து ஓணான்கள்தான். ஆனால் அது வேறு இனம், அதன் பழக்கம் வேறு. அங்கேயும் இன்னொரு பெரிய ஆண் வந்தால் விரட்டு நடக்கும், ஓடித் தப்பிக்க முழு மரம் இருக்கிறது. உங்கள் தொட்டி நாலடி. ஆணும் பெண்ணுமாக விட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு ஈட்டுக்கு இருபது முட்டைக்கு மேல்கூட இடும், அதுவும் ஒரே பருவத்தில் பல ஈடு, பெண்ணின் உடம்பில் கால்சியம் வற்றிவிடும்.

நம் ஊரில் உண்மையான கஷ்டம் கரண்டாக இருந்தது. 2023-ல் லோட்ஷெடிங், அதாவது முறை வைத்து கரண்டை நிறுத்துவது, ஆறாம் நிலை வரை போனபோது எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் முதல் இடம் டிவிக்கு, அடுத்தது வைஃபைக்கு. சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது என்று நான் சொன்னால் "ஓணானுக்கு கரண்ட் கேக்குறா பாரு" என்று வீட்டுக்காரர் சிரிப்பார். கிரிக்கெட் மேட்ச் ஓடும்போது மட்டும் அவருக்கு சேமிப்பு ஞாபகம் வராது.

துணைக்கு என்று எடுத்து வைத்த காசு இருந்தால் புற ஊதா டியூபை மாற்றுங்கள். வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும், ஆனால் சுமார் ஒரு வருடத்தில் புற ஊதா குறைந்துவிடும். அது படுத்துக் குளிர்காயும் கல்லின் சூடு 40 டிகிரி பக்கம் இருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். எங்களைப் போல கடற்கரை ஈரக்காற்றில் இருந்தால் தொட்டியில் காற்றோட்டமும் வேண்டும்.