கொடி வணக்கமும் விசுவாசமும்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். காவேரிப்பட்டணத்துக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஆண்டு முதல் நாங்கள் வேறொரு சபைக்குப் போகிறோம். கொடிக்கு சல்யூட் வைப்பதும் தேசிய கீதம் பாடுவதும் விக்கிரக ஆராதனை என்று அங்கே போதகர் பிரசங்கித்தார். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ கதையையும் சொன்னார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர், சுதந்திர தினத்தன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்கிறார். அவளோ கீதம் பாடும் குழுவில் முன்வரிசையில் நிற்பவள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் கொடிக்கம்பத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டிய பிறகுதான் கொடி ஏற்றுகிறார்கள். அது எனக்கே உறுத்துகிறது. நாங்கள் என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இருப்பவை இரண்டு விஷயங்கள். உங்கள் வீட்டில் அவை ஒன்றாகிவிட்டன. கொடி வணக்கம் ஒன்று, கொடிக்கம்பத்துக்குச் செய்யும் பூசை இன்னொன்று. முதலாவதில் உங்கள் போதகரோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவதில் உங்கள் உறுத்தல் நியாயமானது.

வேதாகமத்தில் அந்தக் கதை வரும் தானியேல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். தூரா சமபூமியில் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் நிறுத்திய பொற்சிலையின் முன் அவன் கேட்டது தாழ விழுந்து பணிந்துகொள்வதை. அதாவது, தேவனுக்குரியதை அவன் கேட்டான். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் கொடுக்க மறுத்து, எரியும் சூளையில் போடப்பட்டார்கள். ஆனால் அதே மூவரும் பாபிலோன் மாகாணத்தின் காரியங்களை விசாரித்த அதிகாரிகள். அந்நிய அரசனின் ஆட்சியில் வேலை பார்த்தவர்கள், சூளையிலிருந்து மீண்ட பிறகும் அதே மாகாணத்தில் உயர்த்தப்பட்டவர்கள். பிரசங்கங்களில் இந்தப் பாதி ஏன் விட்டுப்போகிறது என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ரோமாபுரியில் இராயன் எனப்பட்ட பேரரசனின் உருவத்துக்குத் தூபம் காட்ட மறுத்து உயிர்விட்ட ஆதிக் கிறிஸ்தவர்களும் இராயனுக்காக ஜெபித்தவர்கள்தான். மறுக்க வேண்டியது எது, கொடுக்க வேண்டியது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தையும் உங்கள் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து வாசியுங்கள். குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், இனி கர்த்தரைத் தவிர வேறு தெய்வத்துக்குப் பலியிடுவதில்லை என்று தீர்க்கதரிசி எலிசாவிடம் சொல்கிறான். கையோடு ஒரு தயக்கத்தையும் சொல்கிறான். அவனுடைய அரசன் ரிம்மோன் என்னும் தெய்வத்தின் கோவிலுக்குப் போகும்போது நாகமானின் கைமேல் சாய்ந்துகொள்வான்; அரசன் பணியும்போது தானும் குனிய வேண்டியிருக்கும்; இந்த ஒரு காரியத்தைக் கர்த்தர் மன்னிப்பாராக என்கிறான். அது கொடிக்கம்பம்கூட அல்ல, உண்மையான கோவில், உண்மையான விக்கிரகம். எலிசா அவனை அதட்டவில்லை, வேலையை விட்டு வா என்றும் சொல்லவில்லை. சமாதானத்தோடே போ என்றார். பதவியில் இருக்கும் ஒரு விசுவாசியின் நெருக்கடியை அந்தத் தீர்க்கதரிசி புரிந்துகொண்ட அளவுக்கு நம் காலத்துப் போதகர்கள் புரிந்துகொள்ளக் கூடாதா?

கொடி நம்மிடம் கேட்பது என்ன? கொடி ஏறும்போது கூடியிருப்பவர்கள் அதை நோக்கி நேராக நிற்க வேண்டும், சீருடையில் இருப்பவர்கள் வணக்கம் செலுத்த வேண்டும் என்பதே விதிகளின் சாரம். அது மரியாதை. "எல்லாரையும் கனம்பண்ணுங்கள்" என்று பேதுரு எழுதியது இதற்கும் பொருந்தும். தேசிய கீதமும் அப்படித்தான். 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. அதில் போற்றப்படுபவர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் என்று கிளம்பிய பேச்சைத் தாகூரே மறுத்தார். யுகயுகமாக மனிதரை வழிநடத்தும் இறைவனையே தாம் பாடியதாகச் சொன்னார். நாம் பாடாமல் விடும் இரண்டாவது பகுதியில், அந்த அழைப்பைக் கேட்டு வருபவர்களின் வரிசையில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மகள் வாய்விட்டு அதைப் பாடுவதில் ஒரு குற்றமும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பாட முடியாது என்று ஒரு பிள்ளையின் மனசாட்சி சொன்னால், அதை அடித்து வளைக்கவும் கூடாது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. 1985-இல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1986 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. யாரும் பாடியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, எழுந்து அமைதியாக நிற்பது அவமதிப்பு ஆகாது என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். அந்தக் குடும்பத்தின் உபதேசத்தை நான் ஏற்பவன் அல்ல. அவர்களுக்குக் கிடைத்த நீதியை முழு மனதோடு ஏற்கிறேன். 2022 சுதந்திர தினத்தில் எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் விசுவாசத்தைக் காரணம் காட்டிக் கொடி ஏற்ற மறுத்த செய்தி வேறு வகை. மாணவர் பள்ளிக்கு வந்தே ஆக வேண்டியவர். பொறுப்பில் இருப்பவர் அந்தக் கடமைகளை அறிந்தே பதவியை ஏற்றவர். அந்த மனசாட்சியை நான் இகழமாட்டேன். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இனி தேங்காய்க்கும் சூடத்துக்கும் வருகிறேன். கொடி விதிகளில், ஏற்றும் முன் கொடிக்குள் மலரிதழ்களை வைத்துக் கட்ட அனுமதி உண்டு. பூசைக்கு அங்கே இடம் இல்லை. எங்கள் பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப ஆசைப்பட்டவர் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா. 1923-இல் காங்கிரஸ் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். சிறையில் தொழுநோய் வாங்கி, 1925-இல் அதே ஊரில் கண்மூடிய அந்த மனிதரின் பக்தியை நான் தலைவணங்கி மதிக்கிறேன். அது அவர் தேர்ந்த வழி. அரசுப் பள்ளியோ எல்லா வீட்டுப் பிள்ளைகளும் நிற்கும் இடம். அங்கே கொடிக்கம்பத்தைப் பூசைக்குரியதாக்கினால், மரியாதை செலுத்த வந்த உங்கள் மகளிடம் ஆராதனையைக் கேட்பதாகிவிடுகிறது. உங்கள் வீட்டுக்காரரின் பயத்துக்குப் பாதிக் காரணம் இந்தச் சூடம்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே தலைமையாசிரியரைப் பாருங்கள், முடிந்தால் இருவருமாகப் போங்கள். குற்றம் சாட்ட வேண்டாம். கொடி வணக்கத்துக்கு எங்கள் பிள்ளை முன்வரிசையில் நிற்பாள், பூசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள் என்று கேளுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், பூசை முடிந்த பிறகு அவள் வரிசைக்கு வர அனுமதி கேளுங்கள். அதற்கு முன் மகளிடமும் பேசிவிடுங்கள். கீதம் பாட அவளுக்கே மனம் இல்லையென்றால், முன்வரிசையை இன்னொரு பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தன் வகுப்போடு நிற்கட்டும். வகுப்பாசிரியருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவளை வீட்டில் நிறுத்த மட்டும் வேண்டாம்.