வாசகர் கேள்வி – பதில்: மகாவலி கங்கை

கேள்வி: எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மகாவலி கங்கையை 'மாவலி கங்கை' என்றே சொல்வார்கள். வாமனனுக்கு மூவடி மண் கொடுத்த மாவலி மன்னனின் பெயரால் வழங்கும் ஆறா இது? (மூதூர் வாசகர்)

பதில்: கேட்க இனிக்கும் கதைதான், ஆனால் அந்த மன்னனுக்கும் இந்த ஆற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிங்களத்தில் 'வெலி' என்றால் மணல். பாளி நூல்கள் குறிப்பிடும் 'மகாவாலுகா' என்ற பெயரிலுள்ள 'வாலுகா'வும் மணலே. ஆகவே இது பெருமணல் ஆறு. பெயர் தமிழில் மகாவலியாகிப் பேச்சில் மாவலியாகக் குறுகியபோது, பழகிய புராணப் பெயர் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மழையற்ற மாதங்களில் மன்னம்பிட்டிப் பாலத்தில் நின்று கீழே பார்ப்பவருக்கு, நீரோட்டம் ஒடுங்கி இருபுறமும் திட்டுத்திட்டாக மணல் வெளுத்துக் கிடப்பது தெரியும். அதைவிட வேறு விளக்கம் இப்பெயருக்குத் தேவையில்லை.

கேள்வி: களனி, களு கங்கைகள் மலையில் பிறந்து மேற்குக் கடலில் விழுந்துவிடுகின்றன. மகாவலி மட்டும் ஏன் திருகோணமலை வரை சுற்றிப் போகிறது? இதனால் என்ன பயன்? (கண்டி வாசகர்)

பதில்: ஹட்டன், ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளில் ஊறும் ஓடைகள் முதலில் வடமேற்காகவே இறங்குகின்றன. மலைத்தொடர்களின் போக்குக்கு இணங்கி, கம்பளையையும் பேராதனையையும் கடந்து கண்டியை வளைத்துக்கொண்டு கிழக்கே திரும்பும் ஆறு, மினிப்பேக்கு அருகே சமவெளியில் இறங்கி வடக்கு நோக்கி ஓடிக் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. 335 கிலோமீற்றர் நீளமுள்ள இதுவே இலங்கையின் மிக நீண்ட ஆறு. தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இதன் வடிநிலம்.

சுற்றுவழிதான் இதன் சிறப்பு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டும்போது, கிழக்கிலும் வடமத்தியிலும் கச்சான் காற்று வீசிக் குளங்களை வற்றடிக்கும். சிறுபோக வயல் நீருக்கு ஏங்கும் அதே மாதங்களில், ஈரவலயத்தின் மழையைச் சுமந்துகொண்டு உலர்வலயத்துக்குள் வருகிறது மகாவலி. இந்த வாய்ப்பை அணை கட்டிய பொறியியலாளர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மகாவலியின் கிளையான அம்பன் கங்கையை மறித்து எலகர வாய்க்காலை வெட்டுவித்த பெருமையை மகாவம்சம் வசப மன்னனுக்கு அளிக்கிறது. மகாசேனனின் மின்னேரியாக் குளத்துக்கும், 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொலன்னறுவையில் அமைத்த பராக்கிரம சமுத்திரத்துக்கும் அம்பன் கங்கை நீரே வந்தது.

1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணையும் அந்த வழியையே பின்பற்றியது. அங்கே திருப்பப்படும் நீர், சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் ஊடாக உக்குவளை மின்நிலையத்தை அடைந்து, பின் அம்பன் கங்கையில் சேர்கிறது. அங்கிருந்து அதில் ஒரு பகுதி, 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலாவெவ வரை போகிறது. முப்பது ஆண்டுகளுக்கென வகுத்த மகாவலித் திட்டத்தை 1977இல் ஆட்சிக்கு வந்த அரசு துரிதப்படுத்தியது. 122 மீற்றர் உயரமும் 210 மெகாவாட் திறனும் கொண்ட விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அதன் நீருக்கடியில் போயிற்று. நெல்லும் மின்சாரமும் கிடைத்தன என்பது மெய்யே. ஆயினும் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டவர்களையும், குடியேற்றங்களால் கிழக்கில் எழுந்த காணிப் பிணக்குகளையும் விட்டுவிட்டு இத்திட்டத்தின் வரலாற்றைச் சொல்வது அரைக்கணக்காகவே முடியும்.

கேள்வி: கண்டி இராச்சியத்துக்கு மகாவலி அரணாக இருந்தது என்பது உண்மையா? (மட்டக்களப்பு வாசகர்)

பதில்: உண்மை. தலைநகரின் மூன்று பக்கமும் வளைந்தோடும் ஆற்றில் அக்காலத்தில் பாலம் இருக்கவில்லை. மழைக்காலத்தில் ஓடம் தள்ளுவதும் அரிதாக இருந்தது. 1803 ஜூனில் மேஜர் டேவியின் தலைமையில் கண்டியை விட்டு வெளியேறிய பிரித்தானியப் படை, வட்டப்புளுவையில் பெருகி ஓடிய ஆற்றைக் கடக்க வழியின்றிக் கரையில் நின்றது. அங்கே பிடிபட்ட படையினரில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். 1815இல் கண்டி வீழ்ந்தபின், ஆற்றைக் கடப்பதே ஆட்சியாளரின் முதற்கவலையாயிற்று. 1833இல் பேராதனையில் முழுக்க முதிரை மரத்தால், 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டும் பாலம் எழுந்தது. ஆணியோ திருகோ இல்லாமல், மரத்தோடு மரத்தைப் பொருத்தியே கட்டிய அப்பாலம் 1905இல் இரும்புப் பாலத்துக்கு இடம் விட்டது.

கேள்வி: 'வில்லு' என்பது என்ன? (பொலன்னறுவை வாசகர்)

பதில்: மன்னம்பிட்டிக்குக் கீழே கரைபுரளும் வெள்ளம் தேங்கி நிற்கும் ஆழமற்ற தாழ்நிலங்களே வில்லுகள். வடகீழ்ப் பருவமழையில் ஏரிபோல் விரியும் அவை, வறண்ட மாதங்களில் நீர் பின்வாங்கப் பின்வாங்கப் புல்வெளியாகின்றன. அந்தப் பசும்புல்லைத் தேடி யானைக் கூட்டங்கள் இறங்கும். மேலே அணைகள் எழுந்தபின் வெள்ளத்தின் வேகமும் காலமும் மாறிவிட்டதால், வில்லுகளுக்கு வர வேண்டிய நீரும் பழையபடி வருவதில்லை.