தின்னர் வாசமும் தினசரி மாத்திரையும்

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்ப்ரே பெயின்டராக இருக்கிறேன், வயது 41. சாயங்காலமானால் தலைவலி. பாராசிட்டமால் 650 தினமும் மூன்று நான்கு போடுவேன். சனிக்கிழமை மட்டும் குவார்ட்டர். இப்போது கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி 148. கல்லீரலைக் காக்கும் 'ஸ்ட்ரெஸ் புரதம்' உடம்பிலேயே உண்டாமே, அதைக் கூட்ட மாத்திரை இருக்கிறதா டாக்டர்?

பதில்: அப்படி மாத்திரை எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கேள்விப்பட்ட புரதம் நிஜம். 1962இல் ரிட்டோசா என்ற இத்தாலியர் பழ ஈக்களைச் சூடுபடுத்திப் பார்த்தபோதுதான் இதன் தடயம் முதலில் தெரிந்தது. அதனால் வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. சூடு மட்டுமல்ல, ரசாயனம் தாக்கினாலும் அது பெருகும்.

பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நச்சாக மாறும். குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருள் அதை அடக்கிவிடும். மாத்திரை அளவு மீறினாலோ, குடியால் குளுட்டாதயோன் குறைந்தாலோ, மிஞ்சிய நச்சு செல்லின் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். அவை மடிப்புக் குலைந்து கசங்கும். அப்போது வருகிறவர்தான் உங்கள் ஸ்ட்ரெஸ் புரதம். தெருமுனை இஸ்திரிக்காரர் மாதிரி, கசங்கியதை மடித்துத் தருவார், கிழிந்ததைக் கழிவுக்கு அனுப்புவார். இந்தப் புரதத்தில் ஹெச்எஸ்பி 70 என்ற வகை இல்லாத எலிகளுக்கு பாராசிட்டமால் கொடுத்தபோது கல்லீரல் கூடுதலாகக் கெட்டது.

ஆனால் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி வேண்டுமே! இந்த வேலைக்குச் செல்லின் சக்தி செலவாகும். நச்சு முதலில் கெடுப்பதே அந்தச் சக்தி உற்பத்தியைத்தான். தவிர, இவர் துணி கசங்கிய பிறகு வருகிறவர், கசங்காமல் தடுப்பவர் அல்ல.

எனக்கு உங்கள் தலைவலி மேல்தான் சந்தேகம். வேலை முடியும் நேரத்தில் வருகிறது என்றால் தின்னர் ஆவியே காரணமாக இருக்கலாம். தினமும் வலிமாத்திரை போடுவதாலும் தலைவலி வரும். மூக்கில் கட்டும் கர்ச்சீப் ஆவியைத் தடுக்காது. கார்பன் கேட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும், ஷெட்டில் காற்றோட்டமும் வேண்டும்.

பாராசிட்டமாலையும் குவார்ட்டரையும் இன்றே நிறுத்துங்கள். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், ஜாக்கிரதை. கீழாநெல்லியை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். இந்த வாரமே டாக்டரைப் பார்த்து பிலிருபின் (மஞ்சள் காமாலை அளவு), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகம்), ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். கண் மஞ்சளித்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். போகும்போது மாத்திரை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தின்னர் டின்னின் லேபிளையும் போனில் படம் பிடித்துக் காட்டுங்கள்.