பாப்பா ஈசிஇ எடுக்கட்டும் அம்மா

நீட்டில் எம்பிபிஎஸ்ஸுக்கு மார்க் போதவில்லை. 'அப்படியானால் கேன்சர் ஆராய்ச்சிக்குப் போகிறேன்' என்று மகள் அழுகிறாள், 'ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) சேர்த்துவிட்டு ஐடி வேலைக்கு அனுப்பலாம்' என்கிறார் அவள் அப்பா, நடுவில் நான் கிடந்து தவிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒரே கல்லூரி வாசலில்தான் போய் நிற்கிறது அம்மா.

மார்பகப் புற்றுநோய் வந்த அவள் பெரியம்மாவின் மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், 'தெளிவாக இல்லை' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். எக்ஸ்ரேயில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், அடர்த்தியான சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான். அடர்த்தி அதிகமுள்ள மார்பகத்தில் வெள்ளைக்குள் வெள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்றாக மைக்ரோவேவ் அலைகளைக் கொண்டு படம் எடுக்கப் பல நாடுகளில் முயல்கிறார்கள். திசுவில் நீர் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப அலை சிதறும். எக்ஸ்ரேயின் கதிர்வீச்சும் இதில் கிடையாது. ஆனால் 2007-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின், கனடாவின் கால்கரி ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, கட்டிக்கும் சுரப்பித் திசுவுக்கும் இடையே மின் பண்புகளில் சுமார் 10 சதவீத வித்தியாசம்தான் இருந்தது. பழைய சிக்கல் வேறு உருவில் திரும்ப வந்து நின்றது.

இத்தாலியில் நேப்பிள்ஸைச் சேர்ந்த குழு ஒன்று 2011-இல் ஒரு வழி சொன்னது. சில நானோமீட்டரே உள்ள இரும்பு ஆக்சைடு துகள்களைக் கட்டியில் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். பிறகு வெளியே ஒரு காந்தப்புலத்தை வைத்து ஒருமுறை, அதை மாற்றி இன்னொரு முறை என்று இரண்டு முறை அளக்க வேண்டும். கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுக்கும்போது யாரோ ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் மட்டும் திரும்புவாள் இல்லையா? முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களைக் கழித்துப் பார்த்தால் அவள் மட்டும்தான் மிஞ்சுவாள். நம் உடல் திசு காந்தத்துக்குத் திரும்பாது, துகள் திரும்பும். கழித்ததில் மிஞ்சுவது துகள் இருக்கும் இடம்.

இது இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்பதை அவளிடம் மறைக்காதீர்கள். போதுமான துகள்கள் கட்டியில் சேர வேண்டும். கழித்த பிறகு மிஞ்சும் சிக்னலோ மிக மிக மெல்லியது, அதைப் பிடிக்கும் கருவி வேண்டும். அந்தக் கருவியைச் செய்யப்போவது ஆன்டெனாவும் மின்காந்தமும் படித்தவர்கள். அதனால்தான் ஈசிஇ என்கிறேன். துகள் தயாரிப்பதில்தான் அவளுக்கு ஆசை என்றால் பி.எஸ்சி. வேதியியலில் தொடங்கலாம்.

பயோமெடிக்கல் என்ற பெயரே உங்களை இழுக்கும். நல்ல படிப்புதான். ஆனால் அவள் கேட்கும் இந்த வேலைக்கு ஈசிஇ அஸ்திவாரம்தான் உறுதி என்பது என் கணிப்பு. இரண்டாம் ஆண்டில் மின்காந்தப் புலங்களைப் பற்றிய 'ஃபீல்ட்ஸ்' பேப்பர் வரும், பாதி வகுப்பு அரியர் வைக்கும் பேப்பர் அது. அவளுக்கு அதுதான் உயிர். கூடவே லீனியர் ஆல்ஜீப்ராவும் பைதானும் வேண்டும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மைக்ரோவேவ் லேபுக்குள் போய், 'மைக்ரோவேவ் சிக்னலை அளக்கும் நெட்வொர்க் அனலைசர் இருக்கிறதா, பி.இ. பிள்ளைகளை அதைத் தொட விடுவீர்களா' என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். மைக்ரோவேவ் உண்டாக்கும் பழைய கிளைஸ்ட்ரான் குழாய் பெஞ்சை மட்டும் காட்டினால், கவுன்சிலிங் சாய்ஸ் ஃபில்லிங்கில் அந்தக் கல்லூரியைக் கீழே தள்ளுங்கள்.

அப்பாவின் கவலைக்கும் பதில் இருக்கிறது. கேட் என்ற மேற்படிப்பு நுழைவுத்தேர்வு எழுதி ஐஐடி போன்ற இடங்களில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பிஎச்.டி.யில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். மைக்ரோவேவை மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சி ஐஐடி மெட்ராஸிலேயே நடக்கிறது. நடுவில் மனம் மாறினால் ரேடார், செல்போன் கம்பெனி, இஸ்ரோ என்று இதே படிப்புக்கு வேலை உண்டு. ஐடி கதவும் மூடாது.

கடைசியாக உங்களுக்கு. உடன்பிறந்த அக்காவுக்கு வந்த நோய் அம்மா இது, உங்களுக்கும் 46 வயது ஆகிறது என்றீர்கள். அட்மிஷன் வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். அக்காவின் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.